வயல்வெளிப் பள்ளி: இருபத்தைந்து பேர் சேர்ந்து ஒரு வயலைப் படிக்கும் கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நெல்லில் பூச்சியைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம், கடைசியில் பேச்சு வேறொரு கேள்வியில் போய் நிற்கிறது. "தனித்தனியாக எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று, சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் எப்படித் தெரியவரும்?" நியாயமான கேள்வி. வயல்வெளிப் பள்ளி என்ற ஒரே விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை ஒட்டி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

வயல்வெளிப் பள்ளி என்றால் என்ன?

ஒரே ஊரையோ ஒரே வாய்க்காலையோ சேர்ந்த இருபது, இருபத்தைந்து விவசாயிகள் நடவு முதல் அறுப்பு வரை வாரம் ஒரு நாள் காலையில் ஒரு வயலில் கூடுவார்கள். வயலின் ஒரு பாதியில் ஊர் வழக்கப்படி பயிர் செய்வார்கள். மறு பாதியில், அந்த வாரம் கண்ணால் பார்த்ததை வைத்துக் குழுவாக எடுத்த முடிவின்படி செய்வார்கள். அறுப்பு முடிந்ததும் இரண்டு பாதியின் செலவையும் விளைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கரும்பலகை, பாடப் புத்தகம் எதுவும் கிடையாது. வழிநடத்துவதற்கு ஒருவர் கூட இருப்பார். ஆனால் அவர் பாடம் நடத்த மாட்டார். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இது எங்கே, எதற்காகத் தொடங்கியது?

இந்தோனேசியாவில், 1989-ல். காரணம் நம் டெல்டாக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பூச்சி: புகையான். பயிரின் தூரடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீய்ந்து புகைந்ததுபோல் ஆகிவிடும்.

1960களின் இறுதியிலிருந்து இந்தோனேசியாவில் புதிய குட்டை ரக நெல், யூரியா, பூச்சிமருந்து மூன்றும் ஒன்றாக ஊருக்குள் வந்தன. 1976, 77 வாக்கில் புகையான் வெடித்துக் கிளம்பிப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் நெல்லை அழித்தது. பூச்சியைத் தாங்கும் ரகங்கள் வந்தன, நிலைமை சற்றுத் தணிந்தது. 1984-ல் அந்த நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், 1985-86-ல் ஜாவாவில் புகையான் மறுபடி வந்துவிட்டது. இத்தனைக்கும் மருந்துக்குப் பஞ்சம் இல்லை. விலையில் ஐந்தில் நான்கு பங்கு வரை அரசே மானியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. விவசாயிகள் தாராளமாக அடித்தார்கள். அடித்த வயல்தான் அதிகமாகக் காய்ந்தது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களின் இறுதியில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளரும் மற்றவர்களும் அதற்கான காரணத்தைக் கண்டு சொல்லியிருந்தார்கள் (அது என்ன என்பது அடுத்த கேள்வியில்). இந்தோனேசிய விஞ்ஞானிகளும் அதையே சொன்னார்கள். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 1989 தொடக்கத்துக்குள் மானியமும் படிப்படியாக நின்றுபோனது.

தடை போட்டாயிற்று, சரி. ஆனால் வயலில் இறங்கி நிற்கிற விவசாயிக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டுமே? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு பள்ளி அங்கேதான் பிறந்தது. பத்தே ஆண்டுகளில் இந்தோனேசியாவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் இந்தப் பள்ளியில் படித்திருந்தார்கள். பிறகு 90-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு, நெல்லைத் தாண்டிப் பருத்தி, காய்கறி, ஆடு மாடு வளர்ப்பு வரைக்கும் இந்த முறை போயிருக்கிறது.

மருந்து அடித்தால் பூச்சி குறையத்தானே வேண்டும்? எப்படி அதிகமாகும்?

இதை நிறுத்தி நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது. மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கிற மருந்து அங்கே போய்ச் சேராது. மருந்து பட்டுச் சாவது வெளியே நடமாடுகிறவை: வளர்ந்த புகையான்களில் ஒரு பகுதி, அப்புறம் அவற்றைத் தின்கிற எல்லாரும். ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகள் வரை பிடித்துத் தின்னும். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, இலையுறைக்குள் இருக்கிற புகையான் முட்டையையே தேடிக் குத்தி உறிஞ்சிவிடும். பொறிவண்டு இருக்கிறது, தட்டான் இருக்கிறது. இவ்வளவு பேரும் ஒரே தெளிப்பில் போய்விடுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றுக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நட்ட புதிதில் வயலில் பயிரைத் தின்னும் பூச்சி அவ்வளவாக இருக்காது. அப்படியானால் சிலந்தி அந்த நாட்களில் எதைத் தின்று உயிரோடு இருக்கிறது? 1990களில் ஜாவாவில் செய்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. சேற்றில் மட்கும் தாளையும் தழையையும் தின்று வளர்கிற சின்னஞ்சிறு கொசு போன்ற பூச்சிகள் நிறைய உண்டு. அவற்றால் பயிருக்குக் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. சிலந்திக்கு முதல் மாதச் சாப்பாடு அவைதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று நட்ட இருபதாம் நாள் அடிக்கிற மருந்து, இந்தச் சாப்பாட்டைத்தான் முதலில் அழிக்கிறது.

என் அப்பா வரப்பில் நின்றே வயலைப் பார்த்துப் பழகியவர். புகையான் வரப்பிலிருந்து தெரியாது. குனிந்து, தாளை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால்தான் தெரியும். அவர் கண்ணுக்குத் தெரிந்தபோது பயிர் காயத் தொடங்கியிருந்தது. மருந்துக்கடையில் கேட்டார், கொடுத்ததை அடித்தார். மறுபடி கேட்டார், மறுபடி அடித்தார். மூன்று முறை. அந்த வருஷம் பக்கத்து வயல்காரரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே வரப்பில் எதிரும் புதிருமாக நின்றார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை.

வாரக் கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

காலையில் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குவார்கள். ஒவ்வொரு குழுவும் வயலின் ஒவ்வொரு பக்கம். ஆளுக்குச் சில குத்துகள் என்று கணக்கு. (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து குத்து, அதில் கிளைத்து வரும் ஒவ்வொரு தண்டும் தூர்.) குத்துக்கு எத்தனை தூர், எத்தனை புகையான், எத்தனை சிலந்தி, இலையில் புழுக் கடி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு கரையேறுவார்கள். நிழலில் உட்கார்ந்து பெரிய தாளில் படம் வரைவார்கள். நடுவில் அன்றைய உயரத்தில், அன்றைய நிறத்தில் ஒரு நெற்பயிர். ஒரு பக்கம் பயிரைத் தின்கிறவை, மறுபக்கம் அவற்றைத் தின்கிறவை. மேலே வெயிலோ மேகமோ. கீழே தண்ணீர். பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து படத்தைக் காட்டிச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே கேட்பார்கள். கடைசியில் இந்த வாரம் என்ன செய்யலாம் என்று முடிவு.

படம் வரைவது சிலருக்குச் சிறுபிள்ளை விளையாட்டுபோல் தோன்றும். எனக்கும் முதலில் அது எதற்கு என்று புரியவில்லை. வரைந்து பார்த்தால் தெரியும். சிலந்திக்கு எத்தனை கால் என்று வரையும்போதுதான், நாம் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது புரிகிறது. எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் வரையலாம். அதனால் கூட்டத்தில் யாரும் ஓரமாக உட்கார வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்ற அளவு வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். இப்போது நான்கு குழுக்கள் தூருக்குப் பாதி புகையான்கூட இல்லை என்கின்றன, குத்துக்கு ஒரு சிலந்தியும் இருக்கிறது. ஐந்தாவது குழு மட்டும் வடகிழக்கு மூலையில் தூருக்கு இரண்டரை என்கிறது.

தனியாக ஒருவர் அந்த மூலை வழியாக வந்திருந்தால் பதறிப்போய் வயல் முழுக்க மருந்து அடித்திருப்பார். எதிர்ப்பக்கமாக வந்தவர் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டு பேர் பார்த்ததும் உண்மை, இரண்டும் துண்டு உண்மை. ஐந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் "வயலில் புகையான் இல்லை, மூலையில் இருக்கிறது" என்ற செய்தியே பிறக்கிறது. அந்தச் செய்தி அதற்கு முன்னால் ஒருவர் தலையிலும் இல்லை.

அப்புறம் அடுத்த கேள்வி: ஏன் மூலையில் மட்டும்? நடவுக்குப் போன அம்மா ஒருவர் சொல்வார், கடைசியில் நாற்று மீந்துபோனதால் அங்கே நெருக்கி நட்டோம் என்று. யூரியா வீசியவர், மிச்சத்தை அங்கேதான் கொட்டினேன் என்பார். மடை பார்ப்பவர், அந்த இடம் பள்ளம், தண்ணீர் வடியவே வடியாது என்பார். நெருக்கம், அதிகத் தழைச்சத்து, தேங்கிய தண்ணீர் மூன்றுமே புகையானுக்குப் பிடித்தவை. மூன்று பேரிடம் மூன்று துண்டாகக் கிடந்த காரணம், கால் மணி நேரத்தில் ஒன்று சேர்ந்துவிடுகிறது. முடிவு: அந்த மூலையில் தண்ணீரை வடித்துவிட்டுப் பயிரை விலக்கிக் காற்றும் வெளிச்சமும் போக வைப்பது, மூன்றாம் நாள் மறுபடி எண்ணிப் பார்ப்பது.

கேள்வி கேட்டால் வழிநடத்துநர் பதிலே சொல்ல மாட்டாராமே?

ஆமாம், முதலில் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். இப்படிப் போகும்:

"அண்ணே, இது என்ன பூச்சி?"

"எங்கே இருந்துச்சு?"

"தூரடியில, தண்ணிக்குக் கொஞ்சம் மேல."

"பக்கத்துல வேற என்ன இருந்துச்சு?"

"ஒரு சிலந்தி."

"சிலந்தி என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

"அதப் பாக்கலியே."

"வாங்க, நானும் வர்றேன், போய்ப் பாப்போம்."

பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி "இதுக்கு என்ன மருந்து?" என்றுதான் வரும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அது என்ன தின்கிறது, அதை எது தின்கிறது என்று போய்ப் பார்த்தவருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை. இதற்காகவே பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் பாட்டிலிலோ பிளாஸ்டிக் டம்ளரிலோ வேரோடு ஒரு தூரை நட்டு, அதில் பத்துப் புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்துவிடுவார்கள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் போதும். சிலந்தி நமக்கு வேண்டியவரா வேண்டாதவரா என்று யாரும் வந்து சொல்லித்தர வேண்டாம்.

இன்னொரு சோதனை இலையை வெட்டிப் பார்ப்பது. இலைச்சுருட்டுப் புழு இலையை வெளுக்க வைத்ததும் மனசு பதறும். ஒரு சின்னப் பாத்தியில் இளம்பயிரின் இலையில் கால் பாகத்தைக் கத்தரியால் நாமே வெட்டிவிட்டு, அறுப்பு வரை காத்திருந்து எடை போட்டால், இளம்பயிர் அந்த இழப்பை ஈடுகட்டிக்கொண்டது தெரியும். அதைத் தன் கையால் செய்து பார்த்தவருக்கு அடுத்த பட்டத்தில் புழுவைக் கண்டால் அவ்வளவு பதற்றம் வராது.

நன்றாகப் படித்த ஒரு அதிகாரி வந்து பார்த்துச் சொன்னால் போதாதா?

அதிகாரியின் படிப்பு தேவைதான். புகையான் முட்டை எங்கே இருக்கிறது என்பதை எண்ணிக் கண்டுபிடித்திருக்க முடியாது, யாரோ ஆராய்ந்துதான் சொன்னார்கள். ஆனால் அந்த அதிகாரிக்கு உங்கள் வடகிழக்கு மூலை தெரியாது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு வயலையும் எண்ணுகிற அளவுக்கு எந்த அரசாங்கத்திடமும் ஆள் கிடையாது.

1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி நடந்தது. ஒரு மாட்டை நிறுத்தி, அதை அறுத்துச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு எடை நிற்கும் என்று சீட்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி அந்தச் சீட்டுகளை வாங்கிக் கணக்குப் பார்த்தார். படிக்க முடிந்தவை 787. வரிசைப்படுத்தி நடுவில் நின்ற மதிப்பு 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் எழுதினார்கள், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் எழுதினார்கள். ஒருவர் கூட்டிச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொன்னது சரிக்கட்டிவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தானே எழுதினார். பக்கத்து ஆள் எழுதியதைப் பார்த்து எழுதவில்லை. அடுத்த கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

கூட்டம் கூடினால் கும்பல் புத்தியும் வருமே? ஊரே சேர்ந்து தப்பு செய்ததில்லையா?

நிறைய. மருந்து அடிக்கிற வழக்கமே அப்படித்தான் பரவியது. அடுத்த வயலில் தெளிப்பான் சத்தம் கேட்டால் நம் கை சும்மா இருக்காது. "அவர் அடிக்கிறார் என்றால் ஏதோ பார்த்திருப்பார்." அவர் எதுவும் பார்க்கவில்லை, அவருக்கு அடுத்தவர் அடித்ததைத்தான் பார்த்தார். நூறு பேர் செய்கிறார்கள், ஆனால் நூறு கண்கள் பார்க்கவில்லை. ஒரே கண் பார்த்ததை நூறு பேர் நகல் எடுத்திருக்கிறார்கள்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். மூன்று கோடுகளில் எது, தனியாகக் காட்டிய ஒரு கோட்டுக்குச் சம நீளம் என்பது குழந்தைக்கும் தெரிகிற கேள்வி. அறையில் இருந்த மற்ற எல்லாரும் முன்பே பேசிவைத்தபடி தப்பான பதிலைச் சொன்னார்கள். கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஆனால் அறையில் வேறொருவர், ஒரே ஒருவர், சரியான பதிலைச் சொல்லிவிட்டால் அந்த அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

வயல்வெளிப் பள்ளியில் முதலில் எண்ணுவது, பிறகு வரைவது, அதற்கப்புறம்தான் பேசுவது என்று வரிசை வைத்திருப்பதற்கு நான் கொடுக்கிற மதிப்பு இதனால்தான். பேச்சு தொடங்கும் முன்பே ஒவ்வொரு குழுவின் எண்ணும் தாளில் ஏறிவிடுகிறது. பெரிய மனிதர் ஒருவர் "இந்த வருஷம் புகையான் பயங்கரம்" என்று ஆரம்பித்தாலும், தாளில் எழுதிய எண் மாறாது.

குழுவில் ஒருவரே பேசிக்கொண்டிருந்தால்?

அந்தக் குழுவில் ஒரு தலைதான் வேலை செய்கிறது, மற்ற இருபத்துநாலும் சும்மா இருக்கின்றன. 2010-ல் அனிதா வூலி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 699 பேரை இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துப் பல வகை வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறாரா, எல்லாருடைய அறிவின் சராசரி எவ்வளவு என்பவற்றுக்கும் குழுவின் திறமைக்கும் பெரிய தொடர்பு இல்லை. பேச்சு எல்லாரிடமும் சமமாகச் சுற்றி வந்த குழுக்களும், ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் மனதைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும், பெண்கள் அதிகம் இருந்த குழுக்களும் நன்றாகச் செய்தன.

கடைசி விஷயத்தை நம் வயல்களுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். தூரடிக்கு அவ்வளவு பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு பயிர்க்காலம் முழுக்க நடக்கிறவர்கள் அவர்கள்தான். பயிற்சி என்று அழைப்பு வந்தால் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் போகிறார். வயலை நன்றாகத் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார். இது எனக்கு ரொம்ப நாளாக வருத்தம் தருகிற விஷயம். குழு சேர்க்கும்போது களையெடுக்கும் பெண்கள் நாலைந்து பேராவது அதில் இருக்க வேண்டும், அவர்களுக்கு அன்றைய கூலி கொடுத்தாவது.

எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாகச் செய்யவே முடியாதது எது?

எலி. உங்கள் வயலில் மட்டும் கிட்டி வைத்தால், பக்கத்து வரப்பிலிருந்து வேறு எலிகள் வந்துவிடும். வாய்க்கால் முழுக்க ஒரே நேரத்தில் வைத்தால்தான் பலன். நடவு நாளும் அப்படித்தான். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்று இரண்டு மாதம் இழுத்து நட்டால், பூச்சிக்கு ஒரு வயல் முடியும்போது அடுத்த வயலில் பந்தி தயார்.

பாலித் தீவு இதற்கு நான் பார்த்த மிக அழகான உதாரணம். அங்கே வாய்க்கால் பாசனக்காரர்களின் சங்கத்துக்குச் சுபக் என்று பெயர். நீர்க் கோயில்களில் கூடி, யார் எப்போது நடுவது, யார் எப்போது வயலைச் சும்மா போடுவது என்று தீர்மானிப்பார்கள். மேல்மடைக்காரர் தண்ணீரை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கீழ்மடைக்காரர் வேறு நாளில் நட்டால் பூச்சியும் எலியும் அங்கிருந்து இவர் வயலுக்கு வரும். அதனால் தண்ணீரைப் பங்கிட்டு, ஒன்றாக நட்டு, ஒன்றாக அறுத்து, பெரிய பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் சும்மா போட்டுவிடுவார்கள். பூச்சிக்குச் சாப்பாடு இருக்காது. 1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் வந்து, அவரவர் முடிந்த அளவு அடிக்கடி நடலாம் என்றதும் தண்ணீர்ச் சண்டையும் பூச்சியும் பெருகின. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் இதைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சுபக்கும் தன் பக்கத்துச் சுபக்குகளில் எது நன்றாக விளைகிறதோ அதன் அட்டவணையைப் பின்பற்றினாலே போதும், கொஞ்ச ஆண்டுகளில் தீவின் நீர்க் கோயில் ஏற்பாட்டைப் போன்ற ஒரு வடிவம் தானாக உருவாகி, விளைச்சல் உயர்ந்தது. மேலே உட்கார்ந்து திட்டம் போட்டவர் என்று யாரும் இல்லை. 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இவ்வளவும் சொல்கிறீர்கள், உண்மையில் பலன் இருந்ததா?

இருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. இதை மறைக்கக் கூடாது.

2004-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் இந்தோனேசியத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, பள்ளிக்குப் போனவர்களின் விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். வேறு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. 2014-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை, பள்ளியில் உட்கார்ந்தவர்களுக்குப் பலன் உண்டு, பக்கத்து வயல்காரர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, திட்டம் பெரிதாக ஆக ஆகத் தரம் குறைகிறது என்றது. இலங்கையின் தெற்கில் நடந்த ஆய்விலும் இதே கதைதான்: படித்தவர்கள் மருந்தைக் குறைத்தார்கள், மற்றவர்களிடம் அது அவ்வளவாகப் பரவவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. டம்ளருக்குள் சிலந்தியைப் பார்த்தவர், பார்க்காதவரிடம் போய் "மருந்து வேண்டாம்" என்று வாயால் மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அது இன்னொரு அறிவுரை, அவ்வளவுதான். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990களில் வேறு வழியில் போனார்கள். எல்லாவற்றையும் ஒரே வரியாகச் சுருக்கினார்கள்: விதைத்த முதல் 40 நாள் பூச்சிமருந்து அடிக்காதே. நம்ப வேண்டாம், உன் வயலில் ஒரு ஓரத்தில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பார் என்றார்கள். வானொலி நாடகமாகவும் போட்டார்கள். அது வேகமாகப் பரவியது, மருந்து தெளிப்பதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு வரியில் அடங்குகிற அறிவை நாடகத்தில் அனுப்பலாம். வடகிழக்கு மூலையை அப்படி அனுப்ப முடியாது. அதற்கு வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்பள்ளிகள் உண்டா?

உண்டு. வேளாண்மைத் துறை உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற பெயரில் நடத்துகிறது. உங்கள் வட்டாரத்தில் இந்தப் பட்டத்தில் நடக்கிறதா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்கும்போது "வயலில் எத்தனை நாள், அறைக்குள் எத்தனை நாள்?" என்றும் கேளுங்கள். அறைக்குள்ளேயே நடந்து, தேநீரும் கையேடுமாக முடிந்தால் அதன் பெயர் வேறு.

வாட்ஸாப் குழு போதாதா?

புழுவின் படத்தைப் போட்டு "என்ன மருந்து?" என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் ஐந்து மருந்தின் பெயர் வரும். எத்தனை குத்து பார்த்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதே குழுவில் ஒரு விதி வைத்துப் பாருங்கள்: படத்தோடு எத்தனை குத்து எண்ணினோம், எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்ற மூன்று எண்களும் வர வேண்டும். அப்போது அது பயன்படத் தொடங்கும்.

எங்கள் தெருவில் நாலைந்து பேர்தான் இருக்கிறோம். நாங்களே தொடங்க முடியுமா?

தாராளமாக. ஒருவர் வயலில் ஒரு பத்து சென்ட் போதும். அதைக் குழுவின் முடிவுப்படி வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் அவர் வழக்கப்படி இருக்கட்டும். எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டு நட்டால் பயிருக்குள் காற்றும் போகும், பயிரை மிதிக்காமல் இறங்கி எண்ணவும் வசதி. நட்ட பதினைந்தாம் நாள் முதல் வாரம் ஒரு கிழமையை நிச்சயித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து குத்து, ஒரே இடத்தில் இல்லாமல் குறுக்காக நடந்து. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், தாள், துணி கட்டிய இரண்டு டம்ளர். எண்ணி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்க வேண்டாம். படத்தைக் காட்டிப் பேசுகிறவர் வாரா வாரம் மாறட்டும், நிலம் அதிகம் உள்ளவர் கடைசியில் பேசட்டும். செலவைத் தேதி போட்டு எழுதுங்கள், தெளிப்பானுக்கு எண்ணெய் வாங்கியதைக்கூட.

காலை ஏழு மணிக்குள் இறங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் பூச்சிகள் நிழல் தேடிப் போய்விடும். பனி காயாத நேரத்தில் பயிரின் தலைக்கு மேலே சிலந்தி வலைகள் ஒவ்வொன்றும் ஈரத்தில் மின்னிக்கொண்டு நிற்கும். எத்தனை என்று அப்போதே எண்ணிவிடலாம்.